விளக்கு அணைந்த ஊரும் விழித்துக்கொண்ட மக்களும்

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் பேசியது. மேடையில் நேரம் போதாமல் விட்டுப்போன சில செய்திகளையும் சேர்த்து மலருக்காக எழுதியிருக்கிறேன்.)

 

"டீச்சர், பிள்ளைங்க நல்லா படிக்கணும்னு நாலு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்று சங்கத் தலைவர் என்னிடம் கேட்டுக்கொண்டார். அந்த நாலு வார்த்தையை நாம் ஆண்டுதோறும் சொல்லித்தான் வருகிறோம். பிள்ளைகளும் ஆண்டுதோறும் கைதட்டித்தான் வருகிறார்கள். ஆகவே இவ்வாண்டு ஒரு மாறுதலுக்காக ஓர் ஊரின் கதையைச் சொல்லலாமென்று நினைத்தேன். அவ்வூர் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது. பெயர் டெட்ராய்ட்.

"அமெரிக்காவுக்கும் நமக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?" என்று பின்வரிசையில் ஓர் ஐயா முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. சம்பந்தம் இருக்கிறது ஐயா. உங்கள் பாட்டனார் வெட்டிய பால் போய்ச் சேர்ந்த இடம் அதுதான்.

1877-ஆம் ஆண்டு 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து இறங்கின. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி கண்டு சொன்னார். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். இதெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்திலேதான் அங்கே டெட்ராய்ட்டில் மோட்டார் வண்டித் தொழில் தலையெடுத்தது. 1913-இல் ஹென்றி ஃபோர்டு, டெட்ராய்ட் நடுவே உள்ள ஹைலண்ட் பார்க் என்ற சிற்றூரில், வண்டி நகர்ந்து வர ஆட்கள் நின்ற இடத்திலேயே நின்று பாகங்களைப் பூட்டும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்டப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அது ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. வண்டிகள் மழைக்காலத்து ஈசல்போலப் பெருகின. வண்டிக்குச் சக்கரம் வேண்டும், சக்கரத்துக்கு ரப்பர் வேண்டும். 1920-ஆம் ஆண்டுகளில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து போயிற்று. அதைப் பெருமளவு வாங்கியது அமெரிக்கா. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மங்கில் சொட்டுச் சொட்டாய் நம்மவர் எடுத்த பால் கப்பலேறி, அக்ரன் நகரத்தில் டயராகி, டெட்ராய்ட் வண்டிகளில் ஓடியது. அந்த ஊரும் இந்தத் தோட்டமும் ஒரே வண்டியின் இரண்டு சக்கரங்கள் என்றால் மிகையாகாது.

அந்த ஊர் எப்படி வளர்ந்தது? 1914-இல் ஃபோர்டு தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலி என்று அறிவித்தார். அது அன்றைய கூலியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. நாடெங்கிலுமிருந்து ஆட்கள் திரண்டார்கள். தென்மாநிலங்களில் அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பருத்திக்காட்டை விட்டு வந்தார்கள். 1950-இல் அங்கே 18 இலட்சத்து 49 ஆயிரம் பேர். அமெரிக்காவின் ஐந்தாவது பெரிய நகரம் அது.

பிறகு இறக்கம். ஆலைகள் நகரத்தை விட்டு வெளிப்புறத்துக்கும் வேறு மாநிலங்களுக்கும் பெயர்ந்தன. பெரிய சாலைகள் வந்ததும் வசதியுள்ள வெள்ளையர்கள் நகருக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு போனார்கள். கறுப்பின மக்களுக்கோ பல இடங்களில் வீடு விற்கவும் மறுத்தார்கள், கடன் கொடுக்கவும் மறுத்தார்கள். மனக்கசப்பு முற்றி 1967 ஜூலையில் பெரும் கலவரம் வெடித்து 43 உயிர்கள் போயின. 1973-இல் எண்ணெய் விலை ஏறவும் சிறிய ஜப்பானிய வண்டிகள் சந்தையைப் பிடித்தன. பத்துப் பேர் செய்த வேலையை இயந்திரம் செய்யத் தொடங்கியது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 639,111 பேர். மூவரில் இருவர் போய்விட்டார்கள்.

ஆட்கள் போனால் ஊர் ஏன் பாழாகிறது? பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொல்கிறேன். ஒரு லயத்தில் இருபது வீடு. வீட்டுக்கு மாதம் ஐந்து வெள்ளி போட்டு விளக்கையும் குழாயையும் பார்த்துக்கொள்கிறோம் என்று வையுங்கள். மாதம் நூறு வெள்ளி சேரும். பத்து வீடு காலியானால் ஐம்பது வெள்ளிதான் சேரும். ஆனால் லயத்தின் நீளம் பாதியாகக் குறையுமா? குழாயும் கம்பியும் அதே நீளந்தானே! பணம் போதாது, விளக்கு அணையும். இருட்டுக்குப் பயந்து இன்னும் இரண்டு குடும்பம் கிளம்பும். இப்போது நாற்பது வெள்ளி. டெட்ராய்ட்டுக்கு நடந்ததும் இதுதான். 360 சதுரக் கிலோமீட்டர் ஊர் அப்படியே கிடக்க, வரி கட்டுவோர் மட்டும் கரைந்தார்கள். 2013 ஜூலை 18-ஆம் நாள் நகராட்சியே நொடித்துப்போனதாக நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தது. கடன் ஏறத்தாழ 18 பில்லியன் டாலர். அமெரிக்க வரலாற்றில் அவ்வளவு பெரிய நகராட்சி நொடித்ததில்லை. அப்போது அங்கே 88,000 தெருவிளக்குகளில் நூற்றுக்கு நாற்பது எரியவில்லை.

இவ்வளவுதானா கதை? இல்லை. நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இனிமேல்தான்.

போகாமல் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? அந்த ஊரில் "தெருச் சங்கம்" என்று ஒன்று உண்டு. ஒரு தெருவின் இரண்டு முனைக்கு இடையில் குடியிருப்பவர்கள் சேர்ந்த சங்கம். பெரிய கட்டடம் கிடையாது, பதாகை கிடையாது. யாரோ ஒரு பாட்டி வீட்டுச் சமையலறையில் கூடுவார்கள். காலி வீட்டின் முன்புல்லை யார் வெட்டுவது, தனியே இருக்கும் கிழவருக்கு யார் மருந்து வாங்குவது, எரியாத விளக்கைப்பற்றி யார் போய்ச் சொல்வது, இவைதாம் அவர்கள் பேச்சு. காலி வீட்டின் புல்லை வெட்டுவானேன் என்று கேட்கலாம். புல் முழங்காலுக்கு மேல் போனால் இங்கே கேட்க ஆளில்லை என்று திருடனுக்குத் தெரிந்துவிடும். 2010-இல் சிலர் சொந்தச் செலவில் புல்வெட்டும் இயந்திரங்களோடு கிளம்பி, நகராட்சி கைவிட்ட பிள்ளைகளின் விளையாட்டுத் திடல்களைத் தேடித் தேடி வெட்டத் தொடங்கினார்கள். சம்பளம் கிடையாது. ஊஞ்சல் மறுபடி ஆடினால் அதுவே சம்பளம்.

இரண்டாவது, காவல். அந்த ஊரில் அக்டோபர் 30-ஆம் நாள் இரவு இளைஞர்கள் குறும்பு செய்வது வழக்கம். ஊர் காலியாகக் காலியாக, அந்தக் குறும்பு வெற்று வீடுகளுக்குத் தீ வைப்பதாக மாறிற்று. 1984-இல் மூன்று நாட்களில் 800-க்கும் மேற்பட்ட தீ விபத்துகள். எத்தனை தீயணைப்பு வண்டி இருந்தால் போதும்? பிறகு மக்களே இறங்கினார்கள். 1995 முதல் நகராட்சியும் அதை முறையாக ஒழுங்கு செய்து, அந்த இரவுக்கு "தேவதைகளின் இரவு" என்று பெயர் மாற்றியது. ஆயிரக்கணக்கானோர், சில ஆண்டுகளில் ஐம்பதாயிரம் பேர் வரை, தத்தம் தெருக்களைச் சுற்றி வந்தார்கள். காலி வீடுகளைச் சிலர் "தத்து" எடுத்துக் காவல் இருந்தார்கள். யாரையும் அடிக்கவில்லை, விரட்டவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். தீ காலப்போக்கில் குறைந்து, 2017-க்குப் பிறகு அந்தக் காவல் ஏற்பாடே தேவையில்லை என்று முடித்து, பிள்ளைகளுக்கு விழா நடத்தத் தொடங்கினார்கள்.

மூன்றாவது, கணக்கு. மாணவர்களே, கணக்குப் பாடம் எதற்கு உதவும் என்று கேட்கிறீர்களே, இதைக் கேளுங்கள். 2013-14 குளிர்காலத்தில், பனி கொட்டும்போது, ஏறத்தாழ 150 பேர் வண்டியில் ஊர் முழுதும் சுற்றி, வீட்டையும் வெற்று மனையையும் ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக் குறித்தார்கள். 370,000-க்கும் மேற்பட்ட மனைகள்! இது நல்ல வீடு, இது சரி செய்யலாம், இது இடிக்க வேண்டியது என்று பட்டியல் பிறந்தது. அதுவரை "ஊர் பாழாப் போச்சு" என்று புலம்பத்தான் முடிந்தது. கணக்கு கைக்கு வந்ததும், எந்தத் தெருவில் எந்த எண் வீடு என்று சொல்லிக் கேட்க முடிந்தது. புலம்பலுக்கு எந்த அலுவலகமும் பதில் எழுதாது. எண் போட்ட மனுவைப் பதில் எழுதாமல் ஒதுக்கிவைப்பது அவர்களுக்கும் சிரமம்.

நான்காவது, மண். 1894-இலேயே, வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில், ஹேசன் பிங்க்ரீ என்ற மேயர் ஏறத்தாழ 430 ஏக்கர் வெற்று நிலத்தை ஏழைகளுக்கு உருளைக்கிழங்கு போடக் கொடுத்தார். 900-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் பயிரிட்டன. பணக்காரர்கள் கேலி செய்தார்கள்; விளைந்தபின் வாயடைத்துப் போனார்கள். நூறாண்டு கழித்து அதே ஊரில் மக்கள் மறுபடி மண்வெட்டி எடுத்தார்கள். இப்போது அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட காய்கறித் தோட்டங்கள். 2014 முதல், பக்கத்தில் காலி மனை இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரே 100 டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் வந்தது. நம் பெரியவர்களுக்கு இது புதிதில்லை. லயத்துக் கோடியில் கத்தரியும் முருங்கையும் மரவள்ளியும் போட்டுப் பிழைத்தவர்கள்தானே நாம்!

இந்த இடத்தில் ஓர் அம்மையாரைப்பற்றிச் சொல்ல வேண்டும். கிரேஸ் லீ பாக்ஸ் என்று பெயர். 1915-இல் சீனாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். அந்தக் காலத்திலேயே தத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1953-இல் டெட்ராய்ட்டுக்கு வந்து, வண்டி ஆலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பாக்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை மணந்து, அந்த மக்களோடு மக்களாக அறுபதாண்டுக்கு மேல் வாழ்ந்தார். 1992-இல் கணவனும் மனைவியுமாக மற்றவர்களோடு சேர்ந்து, கோடை விடுமுறையில் இளைஞர்களைத் திரட்டித் தோட்டம் போடவும் சுவரில் ஓவியம் தீட்டவும் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். "பிள்ளைகளைத் திருத்துங்கள்" என்று பேசாமல், "பிள்ளைகளே, ஊரைத் திருத்த வாருங்கள்" என்று அழைத்தார்கள். 2015-இல் நூறு வயதில் அவ்வம்மையார் காலமானார். அவர்கள் இருவர் பெயரில் இன்று அங்கே ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. நம் லயத்தில் இப்போது வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தொழிலாளர் குடியிருக்கிறார்கள். "அவுங்க வேற ஆளுங்க" என்று நாம் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தச் சீன அம்மையாரின் நினைவு வரும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன ஹைலண்ட் பார்க்குக்கு வருவோம். உலகுக்கே வண்டி செய்யும் முறையைக் கற்றுக்கொடுத்த சிற்றூர். 1930-இல் 52,000-க்கு மேல் மக்கள் இருந்தார்கள். 2020-இல் ஒன்பதாயிரத்துக்கும் கீழ். ஊராட்சியால் மின்கட்டணம் கட்ட முடியவில்லை. பாக்கி ஏறத்தாழ 40 இலட்சம் டாலர். 2011-இல் மின்சார நிறுவனம் வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. அணைத்துவிட்டுப் போகவில்லை, எடுத்துக்கொண்டே போய்விட்டது. எண்ணிப் பாருங்கள்! மறுநாள் விடியுமுன் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எந்த வெளிச்சத்தில் நடப்பார்கள்?

அவ்வூர் மக்கள் சிலர் சேர்ந்து, 2012-இல் வெயிலில் மின்சாரம் பிடிக்கும் ஒரு விளக்கைப் பொதுமக்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தெருவில் நட்டார்கள். ஆயிரம் போன இடத்தில் ஒன்று! சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த ஒரு விளக்கிலிருந்து சோலார்டாரிட்டி என்ற சங்கம் பிறந்தது. அதன்பின் மேலும் விளக்குகள் நட்டார்கள். மின்கட்டணத்தைப்பற்றியும் மக்கள் உரிமையைப்பற்றியும் அதிகாரிகள் முன்னால் போய்ப் பேசவும் கற்றுக்கொண்டார்கள்.

அதே ஊரில் ஷமாயிம் ஹாரிஸ் என்ற அம்மா இருக்கிறார். "மாமா ஷூ" என்றால் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். 2007-இல் அவருடைய இரண்டு வயது மகனை ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. குழந்தை இறந்துபோனான். வேறொருவராக இருந்தால் அந்த ஊரையே சபித்துவிட்டுக் கிளம்பியிருப்பார். அவர் போகவில்லை. அவலான் என்ற தெருவில் ஒரு பாழ் வீட்டை 3,000 டாலருக்கு வாங்கினார். குப்பையை வாரினார். பக்கத்து மனைகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். மகன் பெயரில் பூங்கா அமைத்தார். இடிந்து கிடந்த ஒரு வீட்டைப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் வந்து பாடம் எழுதும் வீடாக மாற்றினார். வீட்டுப்பாட வீடு! மேசை, விளக்கு, உண்ண ஏதாவது, பக்கத்தில் ஒரு பெரியவர். இவை இருந்தால் படிக்காத பிள்ளை உண்டா?

இதையெல்லாம் கேட்டு, "அப்படியானால் எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான், அரசாங்கம் எதற்கு?" என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். டெட்ராய்ட்டின் தெருவிளக்குகளைக் கடைசியில் சரி செய்தது தொண்டர்கள் அல்லர். அதற்கென்று அமைத்த பொது ஆணையம்தான் 2016 முடிவதற்குள் 65,000 புதிய விளக்குகளைப் பொருத்தியது. ஐம்பதாயிரம் பேர் காவல் நின்றாலும் அத்தனை கம்பத்தை அவர்களால் நட முடியாது. 2014-இல் கட்டணம் கட்டாத ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள். அக்கம்பக்கத்தார் தண்ணீர் சுமந்து கொடுத்தார்கள். அது பெரிய மனம்தான். ஆனால் வாளியில் எத்தனை நாளைக்குச் சுமப்பது? குழாயைத் திறக்கச் சொல்லிக் கேட்டுத்தானே ஆக வேண்டும்! ஆகவே இரண்டும் வேண்டும். கையால் ஆவதை இன்றைக்கே செய்ய வேண்டும். கையால் ஆகாததை விடாமல் கேட்க வேண்டும். செய்யாமல் கேட்டுக்கொண்டே இருப்பவன் பேச்சு எடுபடாது. கேட்காமல் செய்துகொண்டே இருப்பவன் முதுகு ஒடிந்துபோகும்.

டெட்ராய்ட் இன்னும் முழுதும் எழுந்துவிடவில்லை. வறுமையும் காலி வீடுகளும் இன்னும் உண்டு. ஆனாலும் 2014 டிசம்பரில் அது நொடிப்பிலிருந்து மீண்டது. பல்லாண்டாக ஆண்டுதோறும் சரிந்துவந்த மக்கள் தொகை 2023-இல் சற்று ஏறியதாக அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் மதிப்பீடு சொல்கிறது. போனவர்கள் திரும்பி வர ஓர் ஊர் மிஞ்சியிருக்கிறது என்றால், போகாதவர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணம்.

பெற்றோர்களே, இது வெள்ளைக்காரன் நாட்டு அதிசயம் என்று எண்ண வேண்டாம். தோட்டத் துண்டாடல் காலத்தை இங்குள்ள தாத்தா பாட்டிமார் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போக, நம்மவர் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் சேர்த்து, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். பால் வெட்டிய கைகள் சேர்த்த பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பின்னர் மேலும் பல தோட்டங்கள் வாங்கப்பட்டன. சிறு துளி பெரு வெள்ளம் என்று பிள்ளைகள் கட்டுரையில் எழுதுகிறார்களே, அதை நம் பாட்டன்மார் செய்தே காட்டியிருக்கிறார்கள். நம் தமிழ்ப்பள்ளிகளும் அப்படி நின்றவைதாம். 1957-இல் 888 இருந்தன. இன்று ஏறத்தாழ 530. மிஞ்சிய ஒவ்வொன்றின் பின்னாலும் நாற்காலி தூக்கிய, கூரை மாற்றிய, கையெழுத்துத் திரட்டிய ஒரு பெற்றோர் கூட்டம் இருக்கிறது.

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன். கோயில் வளைவில் இருக்கும் விளக்குக் கம்பத்தை எல்லாரும் அறிவீர்கள். போன தீபாவளிக்கு முன்னாலிருந்தே அது எரியவில்லை. கீழே சாலையில் பெரிய பள்ளம். ஒரு நாள் அதிகாலை, நம் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, ஆலை வேலைக்குப் போகுமுன் பாட்டி வீட்டில் விட வந்த தாயார், இருட்டில் பள்ளம் தெரியாமல் விழுந்தார். தாய்க்கு முட்டியில் காயம். பையனுக்குக் கை முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

மறுநாள் வகுப்பில் கேட்டேன்: "அந்த விளக்கு எரியலைன்னு யாருக்கெல்லாம் தெரியும்?" எல்லாரும் கை தூக்கினார்கள். "யாராவது யார்கிட்டயாவது சொன்னீங்களா?" ஒரு கையும் இல்லை. அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி, மரியாதைக் குறைவாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "டீச்சர், நீங்க சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை. அந்த வளைவில் தினமும் இரண்டு முறை வண்டியில் போய்வருகிறேன். "யாராவது சொல்லியிருப்பாங்க" என்று நினைத்துக்கொண்டே போனேன். பயிற்சிக் கல்லூரியில் குடியியல் பாடம் நடத்தும் முறையைக் கற்று, சான்றிதழும் வாங்கி, அந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறவள் நான். அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இந்த உரை அதற்கு நான் தரும் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு என்ன செய்தோம்? அன்று மாலையே ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள், பெரியவர் இருவர் துணையோடு, பள்ளத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்தார்கள். வண்டி வெளிச்சம் பட்டால் தெரியும். லயத்து வங்காளதேசத் தம்பிகள் இருவர், கேட்காமலே வந்து கல் சுமந்து கொடுத்தார்கள். மறுவாரம் கம்பத்தின் எண்ணைக் குறித்து மனு எழுதினோம். தோட்டத்து அலுவலகம், "கம்பம் எங்களுடையது அல்ல" என்றது. இன்னோர் அலுவலகம், "அது தனியார் நிலம், எங்களுக்குப் பொறுப்பில்லை" என்றது. இரண்டு பதிலையும் நகல் எடுத்து, இரண்டு இடத்துக்கும் சேர்த்து இரண்டாவது மனு போட்டோம். பள்ளத்தில் செம்மண் கொட்டி மட்டம் செய்துவிட்டார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும், சொன்னோம். விளக்கு மட்டும் இன்று இரவும் எரியாது. வீட்டுக்குப் போகும்போது கவனமாகப் போங்கள்.

இதற்கிடையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எடுத்தார்கள். எரியாத விளக்கு, உடைந்த கால்வாய் மூடி, பூட்டிக் கிடக்கும் வீடு, தனியே வாழும் முதியோர் என்று நான்கு பத்தி. அந்த நோட்டு வாசலில் மேசைமேல் இருக்கிறது. பக்கத்தில் மூன்றாவது மனுவும் இருக்கிறது. படித்துப் பார்த்து, சரியென்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிமார் பெருவிரல் வைக்கலாம். உங்கள் பேரப்பிள்ளை பெயரைப் பக்கத்தில் எழுதுவான்.

இன்னொரு வேண்டுகோள். வரும் மாதம் முதல் ஞாயிறு, பசியாறிவிட்டுக் காலை எட்டு மணிக்குப் பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்கு வாருங்கள். கோத்தோங் ரோயோங் என்றால் நமக்குத் தெரியாததா? ஆனால் அமைச்சர் வருகிறார் என்றால் மட்டும் கூட்டிப் பெருக்கும் கோத்தோங் ரோயோங் அல்ல. மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம். நோட்டிலுள்ளதில் நம்மால் ஆவது எது, கேட்டு வாங்க வேண்டியது எது என்று பிரித்து, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வோம். பூட்டிய வீடுகளில் ஒன்றைச் சுத்தம் செய்து, மாலையில் பிள்ளைகள் பாடம் எழுத விட முடியுமா என்று தோட்டத்து அலுவலகத்திடம் கேட்கலாமென்பது என் ஆசை. கேட்டால் "இல்லை" என்று சொல்லக்கூடும். கேட்காவிட்டால் "இல்லை" என்பது நிச்சயம்.

"நமக்கெதுக்குங்க வம்பு, நாளைக்கு நாமளே இந்தத் தோட்டத்துல இருப்போமோ என்னமோ" என்று சிலர் சொல்வீர்கள். அது வெறும் பேச்சில்லை என்று எனக்குத் தெரியும். தோட்டம் விற்கப்படலாம், நாம் தாமானுக்குப் பெயரலாம். ஆனால் எங்கே போனாலும் நமக்குப் பக்கத்து வீடு ஒன்று இருக்கும். அங்கேயும் ஒரு விளக்கு அணையும். இங்கே பழகாத வழக்கம் அங்கே போனதும் தானாக வந்துவிடாது.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கியவர்களுக்கு என் வாழ்த்து. வாங்காதவர்களுக்கும் என் அன்பு. படித்து முன்னேறி நீங்கள் பட்டணத்துக்குப் போவீர்கள்; போக வேண்டும். போகிற இடத்தில், எரியாத விளக்கைப் பார்த்தால் "யாராவது சொல்லியிருப்பாங்க" என்று உங்கள் ஆசிரியையைப்போல் கடந்து போய்விடாதீர்கள். கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சேர்ந்து போய்ச் சொல்லுங்கள்.